ரெண்டு சுத்து பாக்கி

இந்தப் பையை மடியில வச்சிக்கிடுதேன், நீங்க நல்லா சாய்ஞ்சு உக்காருங்கம்மா. கனம் ஒண்ணும் இல்லை. ஒரு தண்ணி பாட்டில், என் கண்ணாடிக் கூடு, ஒரு எவர்சில்வர் டம்ளர், அவ்வளவுதான். டம்ளர் எதுக்குன்னு பாக்கியளா? அது இங்கிலீஷ் படிக்கதுக்கு. சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன்.

அதோ, ரெண்டு சீட்டு முன்னால, ஜன்னலோரம், நீலச் சுடிதார் போட்டு இருக்காள்லா, அவதான் என் மக. ஜெமிமா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். மாட்டுத்தாவணியில நான் முதல்ல ஏறி, பக்கத்துல துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடிச்சு வச்சேன். அவ ஏறினா. என்னையப் பாத்தா. அந்தத் துண்டையும் பாத்தா. நேரே போயி அந்த வயசான அம்மா பக்கத்துல உக்காந்துட்டா. அதான் இந்த இடம் உங்களுக்குக் கிடைச்சது. நீங்க கோவில்பட்டிதானே? கண்டக்டர்கிட்ட சொன்னது காதுல விழுந்தது. நாங்க திருநெல்வேலி போயி, அங்கேயிருந்து சாத்தான்குளம் பஸ் ஏறணும்.

கோபம்னு சொல்ல முடியாதும்மா. கோபம்னா ரெண்டு வார்த்தை ஏசிருவா, நானும் கேட்டுக்கிடுவேன், அதோட முடிஞ்சிரும். இது பேச மாட்டேங்கா. பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தா, சீனி கம்மியா, எனக்குப் பிடிச்ச மாதிரி. கையில குடுத்துட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டா. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு விளங்கலை. உங்ககிட்ட சொல்லுதேன், நீங்களாவது கேட்டுட்டுச் சொல்லுங்க. கழுத்துல அட்டை மாட்டியிருக்கிய, ஆபீஸ் வேலை போல. உங்களுக்கு விளங்கும்.

இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கதுக்குன்னே ஒரு படிப்பு இருக்காம்லா, அதுக்குத்தான் எழுதிப் போட்டிருந்தா. இங்கிலீஷ் படிக்கதுக்கு இல்லை, அதை பி.ஏ.யில படிச்சு முடிச்சிட்டா. அடுத்தவங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கதுன்னு படிக்கது. நான் கூட கேட்டேன், "தெரிஞ்சதைச் சொல்ல வேண்டியதுதானே மக்கா, அதுக்கு எதுக்குத் தனிப் படிப்பு?" அதுக்கு அவ சொன்னா, "அப்படி நினைச்சு நினைச்சுத்தாம்மா எல்லாரும் கெடுத்து வச்சிருக்காங்க."

அவளுக்கு அதுல ஒரு வைராக்கியம். எங்க ஊர்ப் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல ஒரு வருஷம் வேலை பாத்தா. மூணாங்கிளாஸ். பிள்ளைங்க கேள்வியையும் பதிலையும் அப்படியே பாட்டு மாதிரி ஒப்பிக்குமாம். இவ ஒருநாள் புஸ்தகத்தை மூடி வச்சிட்டு, கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டிருக்கா. ஒரு பிள்ளை வாய் திறக்கலையாம். சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்கி வைக்காம அழுதா. "புரிஞ்சுதான்னு கேட்டா, புரிஞ்சுது மிஸ்னு கூரை பிய்ஞ்சு போற மாதிரி கத்துதுங்கம்மா. ஒண்ணுக்கும் ஒண்ணும் புரியலை. நான் கேக்கேன், அதுங்க கத்துது, நான் அடுத்த பக்கத்தைத் திருப்புதேன். இது என்ன வேலைம்மா?"

அப்புறம் மீட்டிங்ல எந்திரிச்சு, மனப்பாடம் வேண்டாம்னு பேசியிருக்கா. தாளாளர் சொன்னாராம், "மிஸ், பெத்தவங்க வீட்டுல பிள்ளையை நிக்க வச்சு ஒப்பிக்கத்தான் சொல்றாங்க. நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம்." ஏப்ரலோட நின்னுக்கிடச் சொல்லிட்டாவ.

அதுக்குப் பிறகு வீட்டுல சிரிப்பே கிடையாது. சாப்பிடுவா, தட்டைக் கழுவுவா, உள்ள போயிருவா. இந்தப் படிப்புக்கு இன்டர்வியூ வந்த அன்னைக்குத்தான் திரும்ப வாய் நிறையப் பேசினா. அவ அப்பா ஒண்ணே ஒண்ணு சொன்னாவ: "இந்த ஒரு தடவை போயிப் பாரு. கிடைச்சா நான் குறுக்கே நிக்கலை. கிடைக்கலேன்னா, நாசரேத்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அவியளும் எத்தனை நாளைக்கு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாவ?" இவ அப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது. ரொட்டிப் பாக்கெட்டை வண்டியில கட்டிக்கிட்டு கடை கடையா அலையுத மனுஷன். மூத்தவன் எபனேசருக்குக் கல்யாணம் முடிஞ்சு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இவ ஒருத்திதான் பாக்கி.

ஆக, இவளுக்கு இது ஒரே வாசல். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் இவ்வளவும் பண்ணேன்.

யாருக்காவது சொல்லிக்குடுத்த அனுபவத்தைப் பத்தி இன்டர்வியூவுல வந்து பேசணும்னு போட்டிருந்ததாம். நின்னுட்ட ஸ்கூல் கதையைப் போயிச் சொல்ல முடியுமா? "எனக்கு ஒரு ஆள் வேணும்மா, ஒண்ணுமே தெரியாத ஆளு. முதல்ல இருந்து என் முறையில சொல்லிக்குடுத்துப் பாக்கணும்"ன்னா. தெருப் பிள்ளைங்க எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போயிருச்சு. நான் முருங்கைக் கீரை உருவிக்கிட்டு இருந்தேன். "ஒண்ணுமே தெரியாத ஆளுன்னா, நான் ஒருத்தி இருக்கேன்லா"ன்னு விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அப்படியே கீரைத் தட்டைப் பிடுங்கி ஓரமா வச்சிட்டா.

நான் எட்டாம் வகுப்பு. எங்க இங்கிலீஷ் சார் வந்தா தூங்குவாரு. ஏ பி சி டி சொல்லுவேன், அதுக்கு மேல தெரியாது. பஸ்ஸுக்கு போர்டு தமிழ்ல இருந்தாத்தான் ஏறுவேன்.

தினமும் சாயங்காலம் பாடம். அவ முறை எப்படின்னா, தமிழ் பேசக்கூடாது. புஸ்தகம் கூடாது. எழுதக்கூடாது. முக்கியமா மனப்பாடம் கூடவே கூடாது. பாத்து, கேட்டு, தானா வரணுமாம். இந்த டம்ளரை மேஜை மேல வைப்பா. "வேர் இஸ் த டம்ளர்?"னு கேப்பா. பதிலும் அவளே சொல்லுவா. டம்ளரை மேஜைக்கு அடியில தள்ளுவா. திரும்பக் கேப்பா. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குனிஞ்சு, நிமிந்து... எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? நான் அவ முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். காதுல ஒண்ணும் ஏறலை. முடிச்சிட்டு, வேர்த்து வடிய வடிய, "அம்மா, புரிஞ்சுதா?"ன்னு கேட்டா.

எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்த முகத்துல வெளிச்சம். அதைப் பாத்து, புரியலைன்னு எந்தத் தாய் சொல்லுவா? நீங்க சொல்லுவியளா?

"புரிஞ்சுதும்மா"ன்னேன்.

பொய் இல்லம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்குள்ள புரிஞ்சிரும்ங்கிற விசுவாசத்துல சொன்னேன்.

சொல்லிட்டேனே தவிர, மறுநாள் கேட்டா என்ன செய்ய? ஜெபம் பண்ணேன். ஆண்டவரே, பிள்ளை முகம் வாடக்கூடாது, ஒரு வழியைக் காட்டும்னு. காட்டினார். எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கம்னு உண்டு. வருஷா வருஷம் வசனப் போட்டி வைப்பாங்க. வேதத்துல ஒரு முழு அதிகாரத்தை ஒரு எழுத்து பிசகாம ஒப்பிக்கணும். சின்ன வயசுல இருந்தே எனக்கு அது வரும். அர்த்தம் விளங்குதோ இல்லையோ, காதுல விழுந்தா நிக்கும். எங்க வீட்டு அடுக்களையில இருக்க பாத்திரத்துல பாதி நான் ஒப்பிச்சு வாங்குனது. இந்த டம்ளரும்தான். அடியில பாருங்க, சங்கத்துப் பேரு வெட்டியிருக்கும்.

மறுநாள் பாடத்தை ஜெமிமா முந்தின நாளே பின்கட்டுல நடந்துக்கிட்டே சொல்லிப் பாப்பா. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நான் அடுக்களையில நின்னு காதுல வாங்கிக்கிடுவேன். விடியக்காலம் ஜெபம் முடிச்சு, வாசல் முத்தம் பெருக்கும்போது ஒவ்வொண்ணா சொல்லிப் பாப்பேன். வரிசை மாறக்கூடாது. வரிசையை விட்டா எல்லாம் போச்சு. வசனமும் அப்படித்தான்.

மறுநாள் அவ கேட்டா. நான் சொன்னேன். அதுக்கு மறுநாளும் சொன்னேன். "அம்மா! தானா வருது பாத்தீங்களா! நான் உங்களை மனப்பாடம் பண்ணச் சொல்லவே இல்லையே!" அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிட்டா. எட்டு வயசுல கட்டிப்பிடிச்ச மாதிரி. நானும், "ஆமா மக்கா, உன் முறை நல்ல முறை"ன்னேன். பாடம் முடியும்போதெல்லாம் "புரிஞ்சுதாம்மா?"ன்னு கேப்பா. "புரிஞ்சுதும்மா"ம்பேன். பிறகு ரெண்டு பேரும் காப்பி குடிப்போம். அந்த நாளெல்லாம் எங்க வீட்டுல பெருநாள் மாதிரி இருந்தது.

எபனேசர்தான் நடுவுல வந்து கெடுக்கப் பாத்தான். போன்ல முகம் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தான். "யம்மா, உங்களை லண்டன் அனுப்பப் போறாளாமே!" "ஏல, சும்மா இருல"ன்னேன். ஜெமிமா போனை அலமாரியில சாய்ச்சு வச்சு, "நீயே பாரு"ன்னு பாடத்தை நடத்திக் காட்டினா. அவன் கொஞ்ச நேரம் பாத்தான். சிரிப்பை நிறுத்திட்டான். "ஏட்டி, அம்மா வாய் முணுமுணுங்குது. சங்கத்துல ஒப்பிக்க மாதிரி ஒப்பிக்காவ. கேள்வியை மாத்திக் கேட்டுப் பாரு"ன்னான்.

இவளுக்கு வந்ததே கோபம். "உனக்கு என்ன தெரியும்? நீ பனியனுக்குப் பட்டன் இருக்கான்னு பாரு, போ."

"பனியனுக்கு எங்கட்டி பட்டன்?"

"வைடா போனை!"

எனக்கு மனசு கேக்கலை. "எனக்கு நல்லாப் புரியுது மக்கா, அவன் கிடக்கான்"ன்னேன். ஆனா ஒண்ணும்மா. அதுக்கு அப்புறமும் அவ மாத்திக் கேக்கலை. அந்த ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட மாத்திக் கேட்டவ, என்கிட்ட ஒருநாளும் மாத்திக் கேக்கலை. நல்லவேளைன்னு நினைச்சுக்கிட்டேன். ஆண்டவர்தான் அவ வாயைக் காத்தார்.

இன்டர்வியூவுக்கு நான் வர வேண்டாம்னுதான் ஜெமிமா சொன்னா. அவ்வளவு தூரம் தனியா வேண்டாம்னு அவ அப்பா. எனக்கும் வர வேண்டியிருந்தது. எங்க போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவிய வீட்டம்மா ஐயரம்மா. பெரிய ஜெப வீராங்கனை. கிளம்புத அன்னைக்கு ஐயரம்மா சொல்லி அனுப்பினாவ, "தங்கபுஷ்பம், பிள்ளை உள்ள போனதும் நீ பெஞ்சுல சும்மா உக்காந்துராத. கட்டடத்தைச் சுத்தி வா. ஏழு சுத்து. வாய் திறக்கக்கூடாது, யார்கிட்டேயும் பேசக்கூடாது. மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே வா. எந்தக் காரியமும் நடக்கும்." எங்க சபையில அப்படி ஒரு வழக்கம். செல்லத்துரை அண்ணாச்சிக்கு ஆபரேஷன் நடக்கும்போது நாங்க எட்டு பொம்பளைங்க ஆஸ்பத்திரியைச் சுத்தினோம். ஆம்புலன்ஸ்காரன் ஏசினான். ஆனா அண்ணாச்சி எந்திரிச்சு வந்துட்டாவ.

காலையில இன்டர்வியூ நடக்க காலேஜ்ல போயி இறங்கினா, வந்திருந்த பிள்ளைங்க எல்லாம் கடகடன்னு இங்கிலீஷ்தான். ஒரு பிள்ளைகிட்ட அவ அப்பாவே இங்கிலீஷ்ல பேசுதாரு. ஜெமிமா கையைப் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருக்கு. "பயப்படாத"ன்னேன். "பயம் இல்லம்மா. நான் உங்களைப் பத்தித்தான் சொல்லப்போறேன்"ன்னா. "என்னையப் பத்தி என்னத்தட்டி?" "நீங்கதானே என் முதல் ஸ்டூடன்ட். எட்டாம் வகுப்போட நின்னவங்க, மனப்பாடமே இல்லாம, என் முறையில இங்கிலீஷ் பேசுறாங்கன்னு சொல்லப்போறேன். அதைவிட வேற என்ன வேணும்?" எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. என் பிழைப்புல நான் ஒருத்தருக்கு அத்தாட்சியா நிப்பேன்னு நினைச்சதே இல்லை.

அவ பேரைக் கூப்பிட்டாவ. உள்ள போனா. நான் பையை பெஞ்சுல வச்சிட்டுச் சுத்த ஆரம்பிச்சேன்.

சின்னக் கட்டடம்தான். முன்பக்கம் புல்லு, பூச்செடி. பின்பக்கம் மோட்டார் ரூம், முள்ளுச்செடி. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். இன்டர்வியூ நடக்க ரூம் ஜன்னலைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போகணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனேன். முதல்ல யாரும் கவனிக்கலை. மூணாவது சுத்துல ஒரு மேடம் நிமிந்து பாத்தாவ. அஞ்சாவது சுத்து முடியப் போகுது, வாட்ச்மேன் முன்னால வந்து நின்னுட்டாரு.

"யாரும்மா நீங்க? எதைத் தேடுறீங்க?"

நான் எப்படிப் பேச? வாய் திறக்கக்கூடாதுல்லா? கையைக் காட்டி, தள்ளு தள்ளுன்னு ஜாடை பண்ணேன்.

"கேக்குறேன்ல? காலையில இருந்து சுத்திச் சுத்தி வர்றீங்க. ஜன்னல்ல வேற எட்டிப் பாக்குறீங்க. உள்ள இருக்குற பிள்ளைக்குப் பதில் சொல்லிக் குடுக்குறீங்களா?"

என்னையப் பாத்தா, இங்கிலீஷ் பதில் சொல்லிக்குடுக்க ஆளு மாதிரியா இருக்கு? ஆனா அவரு அதைக் கேக்கலை. நான் பேசாம நிக்கேன், அவருக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. கூட்டிக்கிட்டு நேரே அந்த ரூமுக்கே போயி, "மேடம், இந்தம்மா ஜன்னலைச் சுத்தியே வர்றாங்க, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க"ன்னுட்டாரு.

உள்ள மூணு பேரு. நடுவுல நரைச்ச தலை, நூல் சேலை, அந்த மேடம்தான். ஒரு பக்கம் பெரிய சாரு, ஒரு பக்கம் சின்னச் சாரு. எதுத்தாப்புல ஜெமிமா. அவ மூஞ்சி வெளிறிப்போச்சு. "எங்க அம்மா"ன்னா, மெதுவா.

மேடம் சிரிச்சிட்டாவ. நல்ல சிரிப்பு, கேலி இல்லை. "இப்ப இவ்வளவு நேரம் சொன்னீங்களே, அந்த ஸ்டூடன்டா? உக்காருங்கம்மா"ன்னு நாற்காலியைக் காட்டினாவ. ஜெமிமாகிட்ட இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாவ. அவ ஒரு நிமிஷம் என்னையப் பாத்துட்டு, சரின்னு தலையாட்டினா. தைரியமாத்தான் ஆட்டினா. அவளுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.

மேடம் தன்னோட கைப்பையை எடுத்து மேஜைக்கு அடியில வச்சாவ. என்னையப் பாத்து, "வேர் இஸ் த பேக்?"னு கேட்டாவ.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. இது முதல் பாடம்லா! "த டம்ளர் இஸ் ஆன் த டேபிள்"னு சொன்னேன்.

சின்னச் சாரு மேஜையைப் பாத்தாரு. அங்க டம்ளர் இல்லை. அதுவும் என் தப்புதான், பையைக் கையோட உள்ள கொண்டு போயிருக்கணும். மேடம் இன்னொண்ணு கேட்டாவ. சாப்பாட்டைப் பத்தின மாதிரி இருந்தது, "ஈட்"னு வந்துச்சு. நான் வரிசையை விடலை. "த டம்ளர் இஸ் அண்டர் த டேபிள்"னேன்.

சின்னச் சாரு இருமினாரு. ஜெமிமா தமிழ்ல, மெதுவா, "அம்மா, கேள்வியைக் கேளுங்கம்மா"ன்னா. நான் மறந்துட்டேனோன்னு பிள்ளை பயப்படுதான்னு நினைச்சேன். நானா மறப்பேன்? எந்திரிச்சு நின்னேன். சங்கத்துல நிக்க மாதிரி கையைக் கட்டிக்கிட்டு, முதல்ல இருந்து மூச்சு விடாம சொன்னேன். டம்ளர் பாடம், காலையில எந்திரிக்க பாடம், கடைக்குப் போற பாடம், ஐ ப்ரே ஃபார் மை சில்ரன், மை சன் இஸ் இன் திருப்பூர், கடைசியா, மை டாட்டர் இஸ் எ டீச்சர். ஒரு எழுத்து பிசகலை. முடிச்ச வேகத்துல வாய் தவறி ஆமென்னும் சொல்லிட்டேன்.

சின்னச் சாரு திரும்பி ஜன்னலைப் பாத்துக்கிட்டாரு, தோள் குலுங்குச்சு. மேடம் சிரிக்கலை. "உங்க ஞாபகசக்தி பெருசும்மா. எப்படிப் படிச்சீங்க?"ன்னு தமிழ்ல கேட்டாவ. கேட்டவங்ககிட்ட மறைக்கலாமா? பொய் சொல்லலாமா? அதுவும் பிள்ளைக்குப் பேரு கிடைக்க இடம். எல்லாத்தையும் சொன்னேன். பின்கட்டுல அவ சொல்லுததும், அடுக்களையில நான் பிடிக்கதும், முத்தம் பெருக்குததும், வசனப் போட்டியும். "இவ மேல ஒரு குத்தமும் இல்லை மேடம். மனப்பாடம் வேண்டாம்னுதான் தலைபாடா அடிச்சுக்கிட்டா. பிள்ளை கஷ்டப்பட்டுச் சொல்லிக்குடுக்காளே, அவ பேரு கெட்டிரக்கூடாதேன்னு நானாத்தான் பண்ணேன்"னு ஒரு வார்த்தை கூடக் கூட்டாம குறைக்காம சொன்னேன்.

நான் பேசி முடிக்கது வரைக்கும் ஜெமிமா தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா. மேடம் அவகிட்ட இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாவ. பிறகு நிமிந்து, மேடத்தைப் பாக்காம என்னையப் பாத்துப் பதில் சொன்னா. மேடம் தலையாட்டிக்கிட்டே எழுதினாவ, ரொம்ப நேரம் எழுதினாவ. "தேங்க்யூ"ன்னாவ. வெளியே வந்துட்டோம். அதோட சரி. அப்போ மூடின வாய்தான்.

அவ சொன்னது எனக்கு அப்படியே நிக்கி. காதுல விழுந்தா நிக்கும்னு சொன்னேன்லா. அர்த்தந்தான் தெரியாது. அவகிட்டேயே கேக்க பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லவா? மெதுவாச் சொல்லுதேன், அவ காதுல விழுந்துரக்கூடாது.

"எவ்ரி டே ஐ ஆஸ்க்ட் ஹர், டூ யூ அண்டர்ஸ்டாண்ட். எவ்ரி டே ஷி செட் யெஸ். ஐ வாண்டட் ஒன்லி தட் யெஸ், மேடம்."

சரியாத்தான் இருக்கா? விளங்குதா உங்களுக்கு? சொல்லுங்க, தமிழ்ல சொல்லுங்க.

...

தினமும் அம்மாகிட்ட புரிஞ்சுதான்னு கேட்டேன். தினமும் புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. எனக்கு அந்தப் புரிஞ்சுது மட்டும்தான் வேண்டியிருந்தது... இப்படியா சொன்னா?

அவ்வளவுதானாம்மா?

நான் என்னமோ என்னைய ஏசித்தான் சொல்லியிருக்கான்னு நினைச்சுல்லா மாட்டுத்தாவணியில இருந்து அதையே மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வாறேன். இதுல என்ன இருக்கு? அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது, நான் அதைத்தானே குடுத்தேன். ஒரு நாள் தவறாம குடுத்தேனே. அதுக்கு எதுக்கு அப்படி ஒரு மூஞ்சி?

என்னது? மேடம் நல்லதாக்கூட எழுதியிருக்கலாமா? அப்படியா சொல்லுதிய? நல்லதுன்னா இவ ஏன் பேச மாட்டேங்கா? இல்லம்மா, நீங்க என் மனசுக்காகச் சொல்லுதிய. எனக்கு எங்க இடிக்குதுன்னா, அந்த அஞ்சாவது சுத்துலதான். வாட்ச்மேன் மட்டும் வராம இருந்தா ஏழையும் முடிச்சிருப்பேன். வெளியே வந்ததும் மிச்சத்தைச் சுத்திரலாம்னு திரும்பினேன். ஜெமிமா என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. எவ்வளவு இறுக்கி! வளையல் பதிஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு சுத்து பாக்கி நிக்கி. ஐயரம்மா கேட்டா நான் என்ன சொல்ல? அவ அப்பா கேட்டா என்ன சொல்ல? ராத்திரி வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குத் தோசை ஊத்திக் குடுக்கலாம், தலையில எண்ணெய் வைக்கலாம், வேற எனக்கு என்ன தெரியும்? வேற நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.

கோவில்பட்டி வந்துட்டு போல. கடலைமிட்டாய்க்காரங்க சத்தம் கேக்கு. இருங்க, பையை எடுத்துக்கிடுதேன், நீங்க இறங்க வழி வேணும்லா.

அட, என் மக எந்திரிச்சிட்டா. இங்கதான் வாறா. சும்மா இருங்க, நாம ஒண்ணும் பேசலை. தோத்திரம் ஆண்டவரே. பக்கத்துல வந்துட்டா...

"..."

"புரிஞ்சுதும்மா."

...

பாருங்க, அப்படியே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போறா. ஏன் அப்படிப் பாத்தா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கே. அந்த ரூமை விட்டு வந்ததுல இருந்து இப்பத்தான் என்கிட்ட முதல் தடவையா வாய் திறந்திருக்கா. இந்த மிட்டாய்க்காரங்க சத்தத்துல, ஹாரன் சத்தத்துல, எனக்கு ஒரு எழுத்தும் காதுல விழலை. அவ உதடு அசைஞ்சுது, என் வாய் அதுவா சொல்லிட்டு.

கொஞ்சம் நில்லுங்கம்மா, இறங்கிராதிய. நீங்க பக்கத்துலதானே இருந்திய. அவ என்ன சொன்னா?